எண்ணெய்க் குழாய்க்குள் ஒரு சிட்டிகை ரப்பர்: இழுவைக் குறைப்பான் எப்படி வேலை செய்கிறது?

அரை மீட்டர் உள்விட்டமுள்ள குழாய் ஒன்றில் கச்சா எண்ணெய் வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்குச் சுமார் 1,060 கன மீட்டர் எண்ணெய். அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 850 கிலோ, இயக்கப் பாகுநிலை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் கெட்டித்தன்மையின் அளவு, 10 சென்டிஸ்டோக்ஸ் (வினாடிக்கு 0.00001 சதுர மீட்டர்). தரை முழுக்கச் சமமாக இருந்தாலும், இந்த எண்ணெயை 100 கிலோமீட்டர் தள்ளுவதற்குள் 36.5 பார் அழுத்தம் உராய்விலேயே கரைந்துபோகும்.

இதே குழாயில் மணிக்கு 21 லிட்டர் வீதம் பால்போன்ற ஒரு திரவத்தைச் செலுத்தினால், அந்த 36.5 பார் 22 பாராக இறங்கலாம். பத்து லட்சம் லிட்டர் எண்ணெய்க்கு வெறும் 20 லிட்டர். அந்த 20 லிட்டரிலும் முக்கால் பங்கு சுமந்துவரும் திரவம்தான். உண்மையில் வேலை செய்யும் பாலிமர் கால் பங்கு, அதாவது எண்ணெயில் பத்து லட்சத்துக்கு ஐந்து பங்கு. இந்தச் சரக்குக்கு இழுவைக் குறைப்பான் என்று பெயர். குழாய்த்தொடர் வேலையில் இருப்பவர்கள் ஆங்கிலப் பெயரைச் (drag reducing agent) சுருக்கி டி.ஆர்.ஏ. என்றே சொல்வார்கள். மருந்து என்றாலும் இதுதான்.

முதலில் இரண்டு தவறான எண்ணங்களைக் களைந்துவிடலாம். இது எண்ணெயை நீர்க்கச் செய்வதில்லை. பாலிமர் கரைந்த எண்ணெயின் பாகுநிலை மிகச் சிறிதளவு கூடத்தான் செய்யும். குழாயின் உட்சுவரில் வழுக்கும் பூச்சாக இது படிவதும் இல்லை. சுவரில் படிந்து வேலை செய்வதாக இருந்தால், செலுத்துவதை நிறுத்திய பிறகும் சில நாள் பலன் நீடிக்க வேண்டும். நடப்பது அதுவல்ல. மருந்து கலந்த எண்ணெய் குழாயைவிட்டு வெளியேறியதும் பலனும் கூடவே போய்விடுகிறது. ஆக, வேலை நடப்பது எண்ணெய்க்குள்ளே.

அழுத்தம் எங்கே செலவாகிறது

குழாயில் திரவம் இரண்டு விதமாக ஓடும். மெதுவாகவோ மிகக் கெட்டியாகவோ இருந்தால் ஒவ்வோர் அடுக்கும் தன் பாதையில் நழுவிச் செல்லும். இது வரிச்சீர் ஓட்டம். வேகம் கூடினால் அடுக்குகள் குலைந்து சுழல்கள் கிளம்பும். இது கொந்தளிப்பான ஓட்டம். எது நடக்கும் என்பதை ரெனால்ட்ஸ் எண் சொல்லும். வேகத்தை விட்டத்தால் பெருக்கி இயக்கப் பாகுநிலையால் வகுத்தால் அது கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் 1.5 × 0.5 ÷ 0.00001, அதாவது 75,000. குழாயில் சுமார் 2,000-க்குக் கீழே வரிச்சீர் ஓட்டம், 4,000-க்கு மேலே கொந்தளிப்பு என்பது பொதுக்கணக்கு. நம் குழாய் கொந்தளிப்பில்தான் ஓடுகிறது, பெரும்பாலான நீண்ட எண்ணெய்க் குழாய்களைப் போலவே.

75,000 என்ற அதே எண்ணில் ஓட்டம் எப்படியோ வரிச்சீராகவே இருந்துவிட்டால், உராய்வு இப்போதிருப்பதில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. எண்ணெயை முன்னே நகர்த்துவதற்கு அவசியமான செலவு அவ்வளவு சொற்பம். மீதியெல்லாம் சுழல்களை உண்டாக்கவும், அவை உடைந்து சிறு சுழல்களாகி வெப்பமாகத் தணியவும் போகிறது. பம்பு கொடுத்த சக்தியில் பெரும்பகுதி எண்ணெயை இம்மியளவு சூடாக்குவதற்கே பயன்படுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

இந்தச் சுழல்கள் பெரும்பாலும் பிறக்கும் இடம் குழாயின் நடுப்பகுதி அல்ல, சுவரோரம். சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில் பாகுநிலை எல்லாவற்றையும் அடக்கிவைத்திருக்கும். நம் குழாயில் அதன் தடிமன் சுமார் 0.7 மில்லிமீட்டர். அதற்கு மேலே, ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் உயரம்வரை, ஓர் இடைப்பட்ட அடுக்கு இருக்கிறது. மெதுவாக ஓடும் எண்ணெய் இங்கே நீண்ட கீற்றுகளாகத் திரளும். திடீரென்று ஒரு கீற்று சுவரைவிட்டு மேலே கிளம்பி, நெளிந்து, வெடித்துச் சிதறும். அந்த இடத்தை நிரப்ப நடுவிலிருந்து வேகமான எண்ணெய் சுவரை நோக்கிப் பாயும். இந்த வெடிப்புகள்தான் கொந்தளிப்புக்கு ஊற்றுக்கண். அரை மீட்டர் குழாயில் நாலு மில்லிமீட்டர் அடுக்கு செய்யும் வேலை இது. பத்து லட்சத்துக்கு ஐந்து பங்கு என்ற அளவு போதுமானதாக இருப்பதற்கும் இதுவே காரணம்: முழு எண்ணெயையும் மாற்ற வேண்டியதில்லை, இந்த அடுக்கில் வெடிப்புகளை அடக்கினால் போதும்.

நீளமே எல்லாம்

இழுவைக் குறைப்பானின் மூலக்கூறு அபாரமான நீளமுள்ள ஒரு சங்கிலி. 1-டெசீன் என்ற பத்துக் கரிமங்கள் கொண்ட ஒலிஃபினை (கரிமமும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த ஒரு வகைச் சேர்மம்) கோத்துச் செய்த, மூலக்கூறு எடை 3 கோடியுள்ள பாலிமரை எடுத்துக்கொள்வோம். டெசீனின் எடை 140. ஆகவே ஒரே சங்கிலியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள். முழுக்க இழுத்து நீட்டினால் சுமார் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரும், மெல்லிய தலைமுடி ஒன்றின் தடிமன் அளவு. ஒற்றை மூலக்கூறுக்கு இது நம்ப முடியாத நீளம். ஆனால் எண்ணெயில் கரைந்து சும்மா இருக்கும்போது அது நீண்டு கிடக்காது. வெப்ப அசைவில் நெளிந்து நெளிந்து, சிக்கலான நூலுருண்டைபோல ஒரு மைக்ரானுக்கும் குறைந்த அளவில் சுருண்டிருக்கும்.

சுருண்ட சங்கிலியை யாராவது இழுத்தால் அது நீளும். விட்டால், வெப்ப அசைவே அதை மறுபடியும் சுருட்டிவிடும். ரப்பர் வளையத்தின் மீள்திறனுக்கு அடிப்படையும் இதுதான். எண்ணெய்க்குள் கோடிக்கணக்கான நுண்ணிய ரப்பர் இழைகள் தனித்தனியே மிதக்கின்றன.

சுவரோர அடுக்கில் ஒரு கீற்று கிளம்பும்போது அங்குள்ள எண்ணெய் ஒரு திசையில் வலுவாக நீட்டப்படுகிறது. அந்த நீட்சி சங்கிலியையும் இழுக்கும். சுருண்டிருந்த சங்கிலி பலமடங்கு நீண்டதும் மேற்கொண்டு நீளாமல் எதிர்த்து நிற்கும். இதனால் அந்த இடத்தில் மட்டும், அந்தத் திசையில் மட்டும், எண்ணெய் பல மடங்கு கெட்டியானதுபோல் நடந்துகொள்ளும். கீற்றால் கிளம்ப முடியாது, கிளம்பினாலும் வெடிக்கும் வலு இராது. குழாய் வழியே சாதாரணமாக நழுவிச் செல்லும் எண்ணெயில் சங்கிலி அதிகம் நீளாது. ஆகவே அங்கே பாகுநிலை கூடாது. கொந்தளிப்பு தலைதூக்கும் இடத்தில் மட்டும் முறுக்கேறும் திரவம் என்று இதைச் சொல்லலாம்.

ஜான் லம்லி என்ற ஆய்வாளர் 1969-இல் முன்வைத்த விளக்கம் இந்த நீட்சிப் பாகுநிலையை மையமாகக் கொண்டது. 1986-இல் தபோர், டி ஜென் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வேறு கோணத்தில், சங்கிலிகள் சிறு சுழல்களின் சக்தியை மீள்சக்தியாக வாங்கிவைத்துக்கொள்வதால் சுழல்கள் உடையும் தொடர் அறுந்துபோகிறது என்றார்கள். இரண்டில் எது முழுச் சரி என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. குழாய்த்தொடரை ஓட்டுபவருக்கு இரண்டும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன: சங்கிலி நீளமாக இருக்க வேண்டும்.

ஏன் என்பதையும் நம் குழாயிலேயே பார்த்துவிடலாம். சுவரோரச் சுழல்களின் காலஅளவு அங்கே ஏறக்குறைய 2 மில்லிவினாடி. இழுபட்ட சங்கிலி அதைவிட வேகமாகச் சுருண்டுவிட்டால் சுழலுக்கு அதனால் எந்த இடைஞ்சலும் இல்லை. சுருள எடுக்கும் நேரம் சுழலின் காலஅளவைவிட நீண்டிருந்தால்தான் சங்கிலி நீண்ட நிலையிலேயே நின்று எதிர்க்கும். சங்கிலியின் நீளம் கூடக்கூட இந்தச் சுருளும் நேரம் மிக விரைவாகக் கூடுகிறது. எனவே 3 கோடி எடையுள்ள ஒரு சங்கிலி செய்யும் வேலையை 30 லட்சம் எடையுள்ள பத்துச் சங்கிலிகளால் செய்ய முடியாது.

இதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. எவ்வளவு பாலிமர் கொட்டினாலும் உராய்வு ஒரு கோட்டுக்குக் கீழே இறங்காது. அதை அளவீடுகளிலிருந்து வகுத்துக் கொடுத்தவர் விர்க் என்ற ஆய்வாளர்; அவர் பெயரிலேயே அந்த எல்லைக்கோடு வழங்குகிறது. ரெனால்ட்ஸ் எண் 75,000-க்கு அந்தக் கோடு காட்டும் உச்சக் குறைப்பு சுமார் 82 விழுக்காடு. அந்த உச்சத்திலும் உராய்வு வரிச்சீர் ஓட்டத்தில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு இருக்கும்.

டாம்ஸ், மைசல்ஸ், அலாஸ்கா

டாம்ஸ் என்ற ஆய்வாளர் பாலிமெதில் மெதாக்ரிலேட்டை, அதாவது அக்ரிலிக் கண்ணாடி செய்யும் பாலிமரை, மோனோகுளோரோபென்சீனில் கரைத்துக் குழாயில் ஓட்டிப் பார்த்தார். பாலிமர் சேர்த்த கரைசல் கெட்டியானது. மெதுவாகத்தான் ஓடும் என்று எதிர்பார்ப்போம். கொந்தளிப்பான ஓட்டத்தில் அது வெறும் கரைப்பானைவிட அதிகமாக ஓடியது. 1948-இல் நெதர்லாந்தின் ஸ்கெவனிங்கனில் நடந்த பன்னாட்டு ரியாலஜி (பொருள்கள் ஓடுவதையும் உருமாறுவதையும் ஆராயும் இயல்) மாநாட்டில் இதை அவர் விவரித்தார். இன்றும் இதற்கு டாம்ஸ் விளைவு என்று பெயர்.

காப்புரிமை எடுத்தவர் இன்னொருவர். கரோல் மைசல்ஸ் என்ற வேதியியலாளர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், அலுமினியச் சோப்பு சேர்த்துக் கெட்டியாக்கிய பெட்ரோலைக் குழாய்களில் ஓட்டும்போது இதே விந்தையைக் கண்டார். சோப்பு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட இழைகளாவதால் அவையும் பாலிமர்போல் நடந்துகொள்கின்றன. 1949-இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. போரில் தீக்குண்டுகளுக்கான நேபாம் என்ற இந்தக் கெட்டிப் பெட்ரோலிலிருந்து குழாய்த்தொடர்க் கண்டுபிடிப்பு பிறந்தது விசித்திரம்தான்.

அதற்குப் பிறகும் இருபது ஆண்டுக்கு மேல் இது பெரும்பாலும் ஆய்வகச் சமாச்சாரமாகவே இருந்தது. காரணம் சங்கிலியின் ஆயுள். எண்ணெயில் கரையும் பாலிஐசோபியூட்டிலீன் போன்றவை நல்ல பலன் காட்டினாலும் நீண்ட குழாயில் விரைவில் அறுந்துவிட்டன. காண்டினென்டல் ஆயில் நிறுவனத்துக்காக கல்டர், மெக்ளாஃப்லின் ஆகியோர் 1972-இல் பெற்ற காப்புரிமை வேறு பக்கம் திரும்பியது: ஆறு முதல் இருபது கரிமங்கள் கொண்ட ஆல்ஃபா ஒலிஃபின்களிலிருந்து செய்த மிக நீண்ட பாலிமர்கள்.

இந்தத் தேர்வில் நுட்பம் இருக்கிறது. எத்திலீன், புரொப்பிலீன் சங்கிலிகளும் ஒலிஃபின்கள்தாம். ஆனால் அவற்றின் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கடுக்காகச் சேர்ந்து படிகமாகிவிடுவதால் குளிர்ந்த எண்ணெயில் கரையாது. ஹெக்சீன், ஆக்டீன், டெசீன் ஆகியவற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பக்கவால் தொங்கும். அந்த வால்கள் சங்கிலிகளை நெருங்க விடாது. படிகமாகாத, பிசுபிசுப்பான, ரப்பர்போன்ற பொருள் கிடைக்கிறது. கரிமமும் ஹைட்ரஜனும் மட்டுமே என்பதால் எண்ணெயோடு உறவாடிக் கரைகிறது. சுத்திகரிப்பு ஆலைக்குள் போனாலும் வேறு தனிமங்களால் தொல்லை இல்லை.

பெரிய அளவில் முதல் சோதனைக்களம் அலாஸ்கா. புரூடோ பேயிலிருந்து வால்டீஸ் துறைமுகம்வரை 1,287 கிலோமீட்டர், 48 அங்குல விட்டம். 1977-இல் எண்ணெய் ஓடத் தொடங்கிய அந்தக் குழாய்த்தொடரில் 1979 ஜூலையில் இழுவைக் குறைப்பான் செலுத்தத் தொடங்கினார்கள். உறைபனி நிலத்தில் கூடுதல் பம்பு நிலையம் கட்டுவது எத்தகைய வேலை என்பதை நினைத்தால், பீப்பாய்களில் வந்திறங்கும் ஒரு சரக்கு அந்த வேலையைச் செய்வதன் அருமை புரியும்.

தயாரிப்பில் என்ன சிக்கல்

நீண்ட சங்கிலி வேண்டுமென்றால் ஸீக்லர்–நாட்டா வகை வினையூக்கி தேவை: டைட்டானியம் டிரைகுளோரைடும் ஓர் அலுமினியம் அல்கைலும். வினையூக்கியை மிகக் குறைவாகப் போட வேண்டும், சூடு ஏறவிடக் கூடாது. சூடு ஏறினால் சங்கிலி பாதியிலேயே முடிந்துவிடும். காற்றின் ஈரமோ ஆக்ஸிஜனோ கொஞ்சம் புகுந்தாலும் வினையூக்கி செத்துவிடும்.

வினை நடக்க நடக்கக் கலவை தேனாகி, பிறகு களியாகி, கடைசியில் ரப்பர்க் கட்டியாகிவிடும். அந்த நிலையில் அதைக் கலக்கவும் முடியாது, கலக்கினால் சங்கிலி அறும். கலக்காமல் விட்டால் வினையில் எழும் வெப்பம் வெளியேறாமல் உள்ளே சூடு ஏறும். எனவே ஒரே பெரிய தொட்டியில் செய்யாமல் சிறு கொள்கலன்களில் பிரித்து ஊற்றி, வெளியிலிருந்து குளிர்வித்து வினையை முடிக்கும் முறை வந்தது.

தொடக்ககாலச் சரக்கு ஹைட்ரோகார்பன் கரைப்பானிலேயே கரைந்த கூழாக வந்தது. பாலிமர் பத்து விழுக்காடு அளவுக்கு இருந்தாலே கூழ் பயங்கரமாகக் கெட்டிப்பட்டுவிடும். அழுத்தக் கலன்களில் அடைத்து, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துப் பிதுக்க வேண்டியிருந்தது. செலுத்திய பிறகும் கயிறுகயிறாக இழுபட்டுக் கரைய நேரமெடுக்கும்.

இப்போது பரவலாக இருப்பது தொங்கல் வகை. ரப்பர்க் கட்டியைத் திரவ நைட்ரஜனில் குளிர்விப்பார்கள். ரப்பர்த்தன்மை போய்க் கண்ணாடிபோல் நொறுங்கும் நிலைக்கு வந்ததும் அரைத்துப் பொடியாக்குவார்கள். பொடியைச் சாதாரணச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் துகள்கள் மறுபடியும் ரப்பராகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கக் கால்சியம் ஸ்டியரேட் அல்லது மெழுகு வகைப் பொடி ஒன்றைத் துகள்களின்மேல் தூவுவார்கள். பிறகு பாலிமரைக் கரைக்காத ஒரு திரவத்தில், தண்ணீர்–கிளைக்கால் கலவையிலோ ஆல்கஹாலிலோ, மிதக்கவிடுவார்கள். இப்படி 20–25 விழுக்காடு பாலிமரைக்கூட எளிதில் பம்பு செய்யும் திரவமாகக் கொண்டுபோகலாம். அரைக்கும்போதும் சில சங்கிலிகள் அறும். கையாளும் வசதிக்குக் கொடுக்கும் விலை அது.

இந்தச் சரக்கைத் தேக்கிவைப்பதில்தான் களத்தில் தொல்லை. பாலிமர் தண்ணீரைவிட லேசானது என்பதால் நாள்கணக்கில் அசையாமல் விட்டால் மேலே மிதந்து ஏடுகட்டும். தொட்டியை மெதுவாகச் சுற்றிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூடி சரியாக மூடாவிட்டால் மேற்பரப்பு காய்ந்து ரப்பர்த் தோலாகும். அந்தத் தோல் பிய்ந்து வடிகட்டியை அடைக்கும். வெயிலில் தொட்டி சூடேறினாலும் துகள்கள் ஒட்டிக் கட்டிகளாகும். தொட்டியையோ குழாயையோ டீசல் ஊற்றிக் கழுவுவது எல்லாவற்றிலும் மோசம்: மிச்சமிருக்கும் துகள்கள் டீசலைக் குடித்து உப்பி, சுரண்டி எடுக்கவேண்டிய பசையாகிவிடும். சுமப்புத் திரவம் எதுவோ அதனாலேயே கழுவுவதுதான் முறை.

எங்கே செலுத்துவது

மையவிலக்குப் பம்புக்குள் கரைந்த சங்கிலி ஒருமுறை போனால் கதை முடிந்தது. சுழலும் இறக்கையின் வெட்டுவிசை சங்கிலியை நடுவாக்கில் அறுக்கும். அறுந்தது மறுபடி ஒட்டாது. ஆகவே செலுத்துமிடம் எப்போதும் பிரதான பம்பைத் தாண்டி, அதன் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வையும் ஓட்டமானியையும் தாண்டி இருக்க வேண்டும். அடுத்த பம்பு நிலையத்தைத் தாண்டியதும் புதிதாகச் செலுத்த வேண்டும். ஒரு நிலையத்தில் போட்டது கடைசிவரை வரும் என்று கணக்குப் போட்டால் இரண்டாம் பகுதியில் ஒன்றும் கிடைக்காது.

தொங்கல் வகையில் ஒரு வசதி: துகளாக இருக்கும்வரை சங்கிலிக்கு ஆபத்து குறைவு, கரைந்த பிறகே அது அறுபடும். அதனால் செலுத்தும் சிறிய பம்பு இடப்பெயர்ச்சி வகையாக இருந்தால் போதும். உதரவிதானப் பம்போ திருகுப் பம்போ போடலாம். பற்சக்கரப் பம்பு ஆகாது, துகள்களைப் பற்களுக்கிடையே நசுக்கி ஒட்டவைத்துவிடும். செலுத்தும் குழாயில் அளவைக் குறைக்க வால்வைப் பாதி மூடுவதும் ஆகாது. பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே அளவை மாற்ற வேண்டும். நிறுத்தும்போது குழாயில் சரக்கைத் தேங்கவிட்டால், பிரதான குழாயின் எண்ணெய் பின்னேறி வந்து துகள்களை அங்கேயே கரைக்கும். ரப்பர் அடைப்பு நிச்சயம். திரும்பாவால்வைப் பிரதான குழாயை ஒட்டியே வைப்பது இதற்காகத்தான்.

கலப்பான் எதுவும் தேவையில்லை. கொந்தளிப்பே கலந்துவிடும். கலப்பானைப் போட்டால் சங்கிலியை அறுப்பதைத் தவிர வேறு பயனில்லை. துகள்கள் கரைய நேரம் பிடிப்பதால் முதல் சில கிலோமீட்டரில் பலன் குறைவாகத்தான் இருக்கும். எண்ணெய் குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும்.

பலனை அளப்பது

சூத்திரம் எளிது: மருந்தில்லாதபோது உராய்வால் இழந்த அழுத்தத்திலிருந்து மருந்துள்ளபோது இழந்ததைக் கழித்து, முந்தையதால் வகுத்தால் குறைப்பு விகிதம். 36.5 பார் 21.9 ஆனால் 40 விழுக்காடு. பிழைகள் வருவது சூத்திரத்தில் அல்ல, அதில் போடும் எண்களில்.

அவசரம் முதல் பிழை. 100 கிலோமீட்டரை எண்ணெய் கடக்க வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் பதினெட்டரை மணி நேரம் ஆகும். அதுவரை குழாயின் ஒரு பகுதியில் மருந்துள்ள எண்ணெய், மறுபகுதியில் இல்லாத எண்ணெய். ஐந்து மணி நேரத்தில் அளந்துவிட்டுச் சரக்கு சரியில்லை என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடப்பது.

அடுத்தது மேடு பள்ளம். முடிவிடம் தொடக்கத்தைவிட 200 மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த ஏற்றத்துக்கே 16.7 பார் வேண்டும். அது உராய்வல்ல, எந்த மருந்தாலும் குறையாது. அதைக் கழிக்காமல் இரு நிலையங்களின் அழுத்த வேறுபாட்டை அப்படியே போட்டால், 53.2 பார் 38.6 பாராகக் குறைந்ததாகக் காட்டி 27 விழுக்காடு என்று விடை வரும். உண்மையில் 40.

மூன்றாவது, ஓட்டம் மாறிவிடுவது. உராய்வு குறைந்ததும் மையவிலக்குப் பம்பு தானாகவே அதிகம் தள்ளும். இரண்டு வெவ்வேறு ஓட்டங்களின் அழுத்தங்களை ஒப்பிட முடியாது. மருந்தில்லாத அளவைப் புதிய ஓட்டத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்; இவ்வகைக் குழாய்களில் உராய்வு அழுத்தம் ஓட்டத்தின் 1.75 முதல் 1.8 அடுக்கில் ஏறும்.

அழுத்தத்தை அப்படியே வைத்து ஓட்டத்தைக் கூட்ட நினைப்பவர்கள் பயன்படுத்தும் கைக்கணக்கு ஒன்று உண்டு. ஒன்றிலிருந்து குறைப்பைக் கழித்து, அதன் தலைகீழியை 0.55 அடுக்குக்கு உயர்த்தினால் ஓட்டம் எத்தனை மடங்காகும் என்று தெரியும். 20 விழுக்காடு குறைப்புக்கு 13 விழுக்காடு கூடுதல் ஓட்டம், 40-க்கு 32, 60-க்கு 66. ஆனால் மருந்தை இரட்டிப்பாக்கினால் குறைப்பு இரட்டிப்பாகாது. முதல் சில பங்குகள் தரும் பலனை அடுத்தவை தருவதில்லை; வளைகோடு விரைவில் தட்டையாகும். கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு அளவுகளில் சோதித்து, தன் குழாய்க்கான கோட்டை வரைந்துகொள்வதே சரி. ஆய்வகத்தின் மெல்லிய குழாயில் கிடைத்த எண்ணை அப்படியே பெரிய குழாய்க்குக் கொண்டுபோவது வீண். விட்டம் மாறினால் சுவரோர வெட்டுவிசை மாறும், பலனும் மாறும்.

மின்சாரக் கணக்கில் நம் எடுத்துக்காட்டு: மிச்சமான 14.6 பாரை ஓட்டத்தால் பெருக்கினால் 430 கிலோவாட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 70 விழுக்காடு திறன் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 14,700 யூனிட். செலவாகும் சரக்கு சுமார் 510 லிட்டர். அந்தந்த ஊர் மின்கட்டணத்தையும் சரக்கின் விலையையும் வைத்துப் பார்த்தால் லாபமா நஷ்டமா என்று உடனே தெரிந்துவிடும். எங்கள் கணிப்பில், மின்சாரத்தை மிச்சம்பிடிக்க மட்டும் இதை வாங்குவதைவிட, புதிய குழாயோ பம்பு நிலையமோ இல்லாமல் கொள்ளளவைக் கூட்ட வாங்கும்போதுதான் இது கேள்விக்கிடமின்றிப் பலன் தருகிறது.

கொள்ளளவைக் கூட்டியபின் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சரக்கு தீர்ந்தோ செலுத்தும் பம்பு நின்றோ போனால், மருந்தில்லாத எண்ணெய் குழாயை நிரப்ப நிரப்ப உராய்வு பழையபடி ஏறும். ஓட்டம் இறங்கும், அல்லது பம்பின் வெளியழுத்தம் குழாயின் அனுமதி வரம்பை முட்டும். கூடுதல் ஓட்டத்தில் வால்வு ஒன்று சட்டென மூடினால் எழும் அழுத்த அதிர்ச்சியும் முன்பைவிடப் பெரிது. பாதுகாப்பு வால்வுகளின் கணக்கைப் புதிய ஓட்டத்துக்கு மறுபடியும் போடாமல் மருந்தை மட்டும் போடுவது வினையை விலைகொடுத்து வாங்குவது.

எங்கே எடுபடாது

வரிச்சீர் ஓட்டத்தில் பயனே இல்லை. அடக்குவதற்குக் கொந்தளிப்பே இல்லாத இடத்தில் இழைகளுக்கு வேலை கிடையாது. கெட்டியான எண்ணெயைக் குளிர்காலத்தில் மெதுவாக ஓட்டும் குழாய்களில் டி.ஆர்.ஏ. ஏமாற்றுவது இதனால்தான், அங்கே சூடாக்குவதோ லேசான எண்ணெயைக் கலப்பதோதான் வழி. கொந்தளிப்பு இருந்தாலும், ஆஸ்ஃபால்ட்டீன் என்ற தார்போன்ற பொருள் மிகுந்த கனரக எண்ணெயில் ஒலிஃபின் சங்கிலி சரியாக விரிந்து கரையாது. அதற்கென்று மெதாக்ரிலேட் வகைச் சங்கிலிகளைப் பால்மமாகச் செய்து விற்கிறார்கள்.

தண்ணீருக்கு வேறு சங்கிலி வேண்டும்: பாலிஎத்திலீன் ஆக்சைடு அல்லது பாலிஅக்ரிலமைடு. நியூயார்க் தீயணைப்புத் துறை முதல்வகையைத் தண்ணீரில் கலந்து, இரண்டரை அங்குலக் குழாய் தரும் நீரை ஒன்றேமுக்கால் அங்குலக் குழாயிலேயே பாய்ச்சிப் பார்த்தது. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் பாறைகளைப் பிளக்க அதிவேகத்தில் நீரைச் செலுத்துபவர்கள் இரண்டாம் வகையை இன்று பெருமளவில் பயன்படுத்துகிறார்கள்.

ஒரே குழாயில் பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் என்று மாற்றி மாற்றி அனுப்புமிடங்களில் விதி கண்டிப்பானது. பெட்ரோலிலும் டீசலிலும் அனுமதிக்கப்பட்ட அளவில் செலுத்தலாம். விமான எரிபொருளில் கூடாது. விமான எரிபொருளுக்கு முன்னும் பின்னும் வரும் எண்ணெயிலும் செலுத்துவதை முன்கூட்டியே நிறுத்திவிடுவார்கள், இரண்டும் சந்திக்கும் இடத்தில் கலந்துவிடும் என்பதால். செலுத்தும் குழாயின் வால்வை மூடினால் மட்டும் போதாது. அது கசிகிறதா என்று தெரியாது. விமான எரிபொருள் வந்து சேர்வதற்கு முன் செலுத்தும் இணைப்பில் இரண்டு வால்வுகளை மூடி, அவற்றுக்கு நடுவிலுள்ள வடிகாலைத் திறந்துவைத்துச் சொட்டுகிறதா என்று பார்த்த பிறகே அந்த எரிபொருளை உள்ளே விடுவது நல்லது.